சும்மா தண்ணீர் ஏன் ஊதாவானது?

“ஊதா! ஊதா ஆயிருச்சு!” பெனிஸ்டன் கத்திய கத்தலில் கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தே போய்விட்டது.

அவன் தங்கை அலினாவுக்கும் குதிக்க ஆசைதான். ஆனால் அவள் கண் அடுத்த குழாயில் போய் நின்றுவிட்டது.

பெனிஸ்டன் புனேயில் செயற்கை உயிரியல் படிக்கிறான். “நுண்ணுயிருக்குள்ளே நாமளே ஒரு கட்டளை எழுதி வைக்கிற படிப்பு” என்று வீட்டில் பெருமையாகச் சொல்வான். அவனும் நண்பன் மாதவும் எழுதிய கட்டளை இதுதான்: தண்ணீரில் செம்பு இருந்தால் ஊதா நிறமாகு, இல்லாவிட்டால் சும்மா இரு.

போன வருஷம் கல்லூரியில் இந்த மாதிரிப் போட்டிக்கு ஒரே ஒரு அணி. இந்த வருஷம் ஐந்து! அதில் ஒன்றுதான் பெங்களூரு போட்டிக்குப் போகும். எந்த அணி என்று நாளைக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு, கட்கியில் இருக்கும் வீட்டிலிருந்து அண்ணனோடு பஸ் ஏறி வந்திருந்தாள் அலினா. எதையும் தொடக் கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம் என்பது அண்ணன் போட்ட நிபந்தனை. அவளும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“அண்ணா, ரெண்டாவது குழாய்ல என்ன?”

“சும்மா தண்ணி. செம்பு கலக்காதது.”

“அதுவும் ஊதாவா இருக்கே!”

கத்தல் நின்றது. செம்பு உப்புக் கலந்த முதல் குழாய் நல்ல ஊதா. இரண்டாவது கொஞ்சம் வெளிறிய ஊதா. ஆனால் ஊதாதான், சந்தேகமே இல்லை.

மாதவ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவன் மராத்திக்காரன், பெனிஸ்டன் வீட்டு இட்லியோடு அரைகுறைத் தமிழையும் கற்றுக்கொண்டவன். “அரே பாப்ரே! நம்ப கிருமி பொய் சொல்றான்” என்றான்.

“நாளைக்கு முதல் குழாயை மட்டும் காட்டுவோம்” என்றான் பெனிஸ்டன். குரல் ஏனோ இறங்கிவிட்டது.

அலினாவுக்குச் சுருக்கென்றது. அண்ணன் பெங்களூரு போகப் போகிறான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இருந்தாலும் இது சரியில்லையே! விறுவிறுவென்று போய்க் குழாய்களுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“ரெண்டையும்தான் காட்டணும்.”

“வழியை விடு அலினா. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாது, அதான் கேக்கிறேன். சும்மா தண்ணி ஏன் ஊதாவாகணும்? அது தெரியாம நகரவே மாட்டேன்.”

அலினாவின் பிடி உடும்புப்பிடி. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும்.

“இந்தத் தண்ணியை எங்கேருந்து எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“காய்ச்சி வடிச்ச தண்ணி நேத்து தீர்ந்துபோச்சு. எந்தத் தண்ணியா இருந்தா என்னன்னு என் பாட்டில்லேருந்து ஊத்தினேன்.”

“எந்தப் பாட்டில்?”

“அம்மா தினமும் குடுத்தனுப்புற பாட்டில்தான். வேற எது?”

அலினா விழுந்து விழுந்து சிரித்தாள். “வாராவாரம் புளி போட்டு அதைத் தேய்க்கிறது யாரு? நானு! அது செம்புப் பாட்டில், அண்ணா!”

பெனிஸ்டன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கிருமி பொய் சொல்லலே!” மாதவ் துள்ளி எழுந்தான். “நாமதான் தப்புத் தண்ணி குடுத்தான்!”

“அப்படின்னு நாம நினைக்கிறோம்” என்றாள் அலினா. “திரும்பச் செஞ்சு பார்த்தாத்தானே தெரியும்?”

பக்கத்து அணியிடம் காய்ச்சி வடித்த தண்ணீர் கேட்டு வாங்கி வந்தார்கள். இந்த முறை மூன்று குழாய்கள்: செம்பு உப்பு, காய்ச்சி வடித்த தண்ணீர், பாட்டில் தண்ணீர். நிறம் தெரிய ஒரு ராத்திரி ஆகும்.

மறுநாள் அலினாவுக்குப் பள்ளியில் பாடமே ஓடவில்லை. சாயங்காலம் பெனிஸ்டன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

“முதல் குழாய் ஊதா! அம்மா பாட்டில் தண்ணி ஊதா! நடுவுல இருந்தது மட்டும் வெள்ளை! நாங்கதான் பெங்களூரு போறோம்!”

“குடிக்கத்தானேடா தண்ணி குடுத்தேன்!” என்றாள் அம்மா.

அன்றைக்கே செம்புப் பாட்டிலைப் பளபளவென்று தேய்த்து அண்ணன் கையில் கொடுத்தாள் அலினா. கூடவே ஒரு எவர்சில்வர் பாட்டில்.

“இது பெங்களூர்ல குடிக்கிறதுக்கு. அது காட்டுறதுக்கு. மாத்திடாதே!”