காலுக்குத் தெரிந்த தலையசைப்பு

கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது மூத்தவளின் வலது கால் தானாகத் தரையை ஒருமுறை அழுத்தியது. குதிகால் ஊன்றியபடி இருக்க, முன்பாதம் மட்டும் எழும்பி, கீழே பெடல் இருப்பதுபோல அழுத்தமாக இறங்கியது. கீழே இருந்ததோ வெறும் தரையும் ஒரு கேரட் தோலும்தான். அதே நொடியில் உள்ளறையிலிருந்து அவள் தங்கை முனகினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. கை... இல்லாத கைதான். திடீர்னு நசுங்கற மாதிரி இருந்துச்சு."

போன கை கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூத்தவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் காலைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதிலுக்கு வேறு ஏதாவது கேட்டுவிடுவாரே.

இருவரும் அட்டைப்பெட்டி ஆலையில் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். சின்னவள் எதிரே நின்று அட்டையை உள்ளே வைப்பாள், கையை எடுப்பாள், தலையாட்டுவாள். மூத்தவள் பெடலை மிதிப்பாள். மேல்தகடு இறங்கி அட்டையை வெட்டும். காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்தில் வேறு எப்படிச் சொல்லிக்கொள்வது? பழகப் பழக, தலை அசைந்தது என்று மனசுக்கு உறைப்பதற்குள் மூத்தவளின் கால் இறங்கியிருக்கும். "உன் காலுக்குத் தனியா கண்ணு இருக்கும்மா" என்று சூப்பர்வைசர் கிண்டலடிப்பார். அவளுக்கும் பெருமை பிடிபடாது.

அன்றைக்குப் பார்த்து அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கோணலாக நின்ற அட்டையைச் சின்னவள் உள்ளே கையை விட்டுச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூத்தவள் உதட்டசைவிலேயே கேட்டாள்: சாயங்காலம் படத்துக்குப் போலாமா? சின்னவளுக்கு அப்படியொரு சந்தோஷம். பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினாள்.

கால் இறங்கிவிட்டது.

"அவதான் சார் தலையாட்டினா" என்று மூத்தவள் எல்லோரிடமும் அழுதாள். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட என்றைக்காவது மென்று விழுங்கியிருக்கலாம். தான் கேட்ட கேள்வியை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்த சின்னவளுக்குத் தலையாட்டியது ஞாபகம் இருந்தது, எதற்கு என்பது ஞாபகம் இல்லை. கட்டுப்போட்ட கையோடு அவள்தான் அக்காவைத் தேற்றினாள். தேற்றத் தேற்ற மூத்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வெளியே இருட்டிவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் கண்ணாடி கருத்துப்போய், அதில் விளக்கும் அடுப்பும் ஆவி விடும் பாத்திரமும் குனிந்து நறுக்கும் அவளுடைய உருவமும் மங்கலாகத் தெரிந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சோப்பு வாசனையோடு எங்கிருந்தோ ஆலையின் ஈர அட்டை வாசனையும் கலந்து வந்தது, அவள் கை கழுவிக் கழுவிப் பார்த்தும் அது போகவில்லை.

கால் மறுபடி இறங்கியது. உள்ளே, "ஆ!"

மூத்தவள் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கால் சும்மா இருந்தது. உள்ளேயும் சத்தமில்லை. மெல்லத் திரும்பினாள். கண்ணாடி கடைக்கண்ணில் பட்டதுதான் தாமதம், கால் இறங்கியது. உள்ளே சின்னவள் வாய்விட்டு அலறினாள்.

கண்ணாடியை நேராகப் பார்த்தாள். அவளேதான். அசையாமல். எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் கால் எதற்கு இறங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அங்கே ஏதோ தலையாட்டுகிறது. கண்ணுக்கு எட்டுவதற்குள் ஆட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

துண்டை எடுத்து ஜன்னலை மூடினாள். பளபளத்த பாத்திரங்களைக் கவிழ்த்தாள். அவற்றின் அடிப்பக்கமும் பளபளத்தது. விளக்கை அணைத்தாள். போதும். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். சொன்னால் இது நின்றுவிடும் என்று எதனாலோ அவளுக்குத் தோன்றியது.

சின்னவள் கட்டிலில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும், தன் நல்ல கையை அவள் மடியில் வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான்தானே கவனிக்காம தலையாட்டினேன்? என் மேலதானே தப்பு?"

சொல்லத்தான் வந்திருந்தாள். வாய்வரை வந்தும் விட்டது. ஆனால் இந்த முகம் நாளை முதல் தன்னை எப்படிப் பார்க்கும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"ஆமாடி" என்றாள். "நீதான்."

சின்னவளின் கண்கள் நிறைந்தன. அந்த ஈரத்தில், கட்டில் விளக்கின் வெளிச்சத்தில், மூத்தவளின் முகம் பொடிசாகத் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்று. மூத்தவள் கழுத்தை விறைத்துக்கொண்டாள். தலையை அசைக்கவில்லை. துளிகூட இல்லை.

இரண்டு முகங்களும் தலையாட்டின.

இந்த முறை அவள் பார்த்துவிட்டாள்.

கால் இறங்கியது.

சின்னவள் அலறவில்லை. குனிந்து அக்காவின் மடியைப் பார்த்தாள். நல்ல கை. நகங்கள் வெளுத்தன. விரல் நுனிகள் அகன்றன. தட்டையாகின. மேலே எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் மட்டும்.

"அக்கா... விட்டுட்டுப் போயிடாத... என்னையே பாரு."

இமைக்காமல் அவள் அக்காவையே பார்த்தாள். மூத்தவள் வாயைத் திறந்தாள். அந்தக் கண்களுக்குள் இரண்டு தலைகளும் பல்லெல்லாம் தெரிய, நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. அவளுடைய முன்பாதம் மறுபடி எழும்பியது.