பேச்சியம்மாவுக்காகச் சொன்ன பதில்

1979 ஒக்டோபர் எட்டாந் திகதி மாலை ஆறு மணிக்கு, விடுதிச் சாப்பாட்டறையின் கடைசி மேசையில் இருந்தவர்கள் மூவர். தலைப்பக்கத்தில் பேர்ப் பதிவு இடாப்போடு மேசைத் தலைவி றோசலின். அவளுக்கு வலப்பக்கம் தெரேசா. இருவரும் மூன்றாம் வருட மாணவிகள், நுவரெலியா டவுன்காரர்கள். இடப்பக்கத்துக் கதிரை காலி. அதற்கு அடுத்ததில், அன்று பகல்தான் ட்ரங்குப் பெட்டியோடு நானுஓயாவில் ரயிலிறங்கிய மனோரஞ்சிதம்.

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் பெண்களுக்கு விடுதியாகக் கொடுத்திருந்த பழைய துரை பங்களா அது. கணப்பு மூட்டியிருந்தும் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. பின்புறம் சைப்ரஸ் மரங்களுக்கு அப்பால் ஒரு குளம். அதிலிருந்து எழுந்த மூடுபனி சன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்ப்பதுபோல் நின்றது.

"ஊரு எது புள்ள?" என்று கேட்டாள் றோசலின்.

"அட்டன் பக்கங்க அக்கா."

"டவுனா?"

"தோட்டங்க."

"லயமா?"

மனோரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். புறப்பட்ட அன்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவேண்டிய பெண்கள் கூடையோடு வந்து, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று அவளுக்கு மாலை போட்டார்கள். படிப்பைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. யாராவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வார்களா என்பது மட்டுமே பயம். பகல் முழுக்க ஒருத்தியும் பேசவில்லை.

றோசலின் பருப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னையிலேருந்து நீ எங்க கூட்டாளி. ஆனா ஒரு சின்ன ஒதவி செய்யணும். பேச்சியம்மான்னு ஒரு புள்ள வர்றதுக்குப் பிந்திருச்சு. பேரு வாசிச்சா, 'வந்திருக்காங்க, முகம் கழுவுறாங்க'ன்னு சொல்லிரு."

இதென்ன பெரிய காரியம்? தோட்டத்தில் வேலைக்காரர் கூடும் பெரட்டுக்களத்தில் சின்னம்மா வரப் பிந்திய காலைகளில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டால் மனோரஞ்சிதம்தான் குரல் கொடுப்பாள். ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுக்காவிட்டால் லயத்தில் வாழ முடியாது.

றோசலின் எழுந்து நின்று வாசித்தாள். கடைசிப் பேரை மட்டும் இடாப்பைப் பார்க்காமலே சொன்னாள்.

"பேச்சியம்மா."

"வந்திருக்காங்க, முகம் கழுவுறாங்க."

பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. இருபது பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருந்தது.

குளியலறைக்குள் தண்ணீர் சொரியும் சத்தம் கேட்டது.

நின்றது.

ஈரக்கால்கள் சிமெந்துத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து வரும் சத்தம் மேசைவரை வந்தது. யாரையும் காணவில்லை. காலிக் கதிரை மட்டும் தானாகப் பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வந்தது. பாசி நாற்றம். மனோரஞ்சிதத்தின் வலது தோள் விறைத்தது.

றோசலின் சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த இருவரும் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

இடாப்பில் அப்படியொரு பேரே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாவது வாரம், பயிற்சித் தோட்டத்து லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கும்போது தெரேசா தானாகவே சொன்னாள்.

"அவளும் ஒன்னைய மாதிரி தோட்டத்துப் புள்ளதான். போன வருசம், புதுசா வந்த புள்ளைய சீண்டுற பகிடிவதைன்னு கொளத்துல ஒரு வாளி தண்ணி மொண்டுகிட்டு வரச் சொன்னோம். பின்கதவப் பூட்டிட்டோம். சும்மா அஞ்சு நிமிசத்துக்குத்தான். அவ தட்டவே இல்ல. இடாப்பு வாசிச்சப்போ றோசலின்தான், முகம் கழுவுறான்னு சொல்லிட்டா. அதனால விடியிற வரைக்கும் யாருமே தேடல. கொளத்துல விழுந்தவ பொணமும் கெடைக்கல."

"அப்புறம்?"

"அவ பேருக்கு யாரு பதில் சொன்னாங்களோ அவங்க பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவா. ஒரு வருசம் றோசலின் பக்கத்துல. இன்னொருத்தி பதில் சொன்னாத்தான் எந்திரிப்பா."

"அதுக்குத்தானா என்னைய கூட்டாளின்னு சொன்னீங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. றோசலின் மண்வெட்டியில் சாய்ந்து நின்றாள். "கோவிச்சுக்காத மனோ. லயத்துப் புள்ளைக்கு லயத்துப் புள்ள தொணை. நல்லா ஒத்துப்போவீங்க."

மனோரஞ்சிதம் விடுதிப் பொறுப்பாளர் மரியநாயகி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னாள். "தோட்டத்துல பேய்க்கதை கேட்டு வளந்த பழக்கம்" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பினால் மாலை போட்டவர்களின் வரிசையில் நின்று கூடை மாட்ட வேண்டும். அவள் திரும்பவில்லை.

விரிவுரை மண்டபத்தில் அவள் பக்கத்துக் கதிரையின் கீழ் எப்போதும் ஈரம். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு, இடாப்பு வாசித்து முடிந்த கணத்தில், காதோரம் குளிர்ந்த மூச்சு.

"என் பேரு?"

மெல்லச் சொல்வாள்: "வந்திருக்காங்க."

சொல்லாத அன்று மூக்கிலும் வாயிலும் குளத்துத் தண்ணீர் ஏறியது.

இப்படியே ஒரு வருடம். பல்கலைக்கழகத்தில் அவள் தேடிக்கொண்ட ஒரே கூட்டாளி அதுதான்.

1980 செப்டெம்பரில் ரத்னாவின் கடிதம் வந்தது. அட்டன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவள். மழைநாளில் தன் குடையின் பாதியை மனோரஞ்சிதத்துக்குக் கொடுத்தவள். இந்த வருடம் அவளுக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. "நீ இருக்கிற விடுதி என்றால் எனக்குப் பயமில்லை. வரட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

மனோரஞ்சிதம் முதலில், "வராதே" என்று எழுதினாள். அதைக் கிழித்தாள். சன்னலுக்கு வெளியே குளம் வெளுப்பாகக் கிடந்தது. பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. வேறு தாளை எடுத்து எழுதினாள்.

"அன்புள்ள ரத்னா, கட்டாயம் வா. கொண்டுவர வேண்டியவை: ஒன்று, கம்பளிச் சட்டை இரண்டு. இரண்டு, கம்பளி ஒன்று. மூன்று, காலுக்கு நல்ல சப்பாத்து. இங்கே பனி அதிகம். இந்த வருடம் எங்கள் மேசைக்கு நான்தான் தலைவி, இடாப்பு என் கையில். என் பக்கத்தில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். முதல் நாள் மாலை உன்னிடம் ஒரு சின்ன உதவி கேட்பேன். மறுக்க மாட்டாய் என்று தெரியும்."

மடித்து உறைக்குள் வைத்தாள். ஒட்டுவதற்காக நாக்கருகே கொண்டுபோனாள்.

ஓரம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

பாசி நாற்றம் அடித்தது. பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். நானுஓயா ஸ்டேஷன்வரை நடந்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்து, தபால்பெட்டிக்குள் போட்டாள்.

இரும்புப் பெட்டிக்குள் அந்தக் கடிதம், ஆழமான தண்ணீரில் ஆள் விழுந்த சத்தத்தோடு விழுந்தது.