சென்னப்பன் போன இடம்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பேரிங் கடையின் மேல்மாடியில் இருந்தது ரேவதியின் அலுவலகம். தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேருகிறவர்கள் கொடுக்கும் முகவரியும் அனுபவச் சான்றும் உண்மைதானா என்று விசாரித்துச் சொல்வது அவள் தொழில். உதவிக்குத் தமிழரசன் இருந்தான். கூரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவன். நாற்பது வயதிலும் எதற்கும் முதல் ஆளாகக் கிளம்புகிறவன்.

அன்று காலை படியேறி வந்த சம்பங்கிக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

"எங்கப்பனக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்ங்க. பேரு சென்னப்பன்."

"எப்போ காணாமப் போனாரு?" என்று கேட்டாள் ரேவதி.

"நான் வயித்துல இருக்கறப்ப. வெள்ளக்காரன் சண்ட நடந்த காலம். பட்டாளத்துக்குப் போறேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாராம். ஊர்ல ஒருத்தரும் நம்பல. எவளையோ இழுத்துக்கிட்டுக் கோலார் தங்கவயலுக்கு ஓடிட்டான்னுட்டாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் ஓடிப்போனவன் பொண்டாட்டிதான். நான் கண்ண மூடறதுக்குள்ள நெசம் தெரியணும்."

சென்னப்பன் குருபரப்பள்ளிப் பக்கத்தில், மணியக்காரர் முனியப்பனின் பண்ணையாள். மாதாகோயிலில் கல்யாணம். அதற்கு மேல் சம்பங்கிக்குத் தெரியவில்லை.

தமிழரசன் அன்றே தேடலில் இறங்கினான். அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊருக்கு இத்தனை தலை என்ற எண்தான் மிஞ்சியிருந்தது. வீடுவீடாக எழுதிய தாள்கள் எங்குமே இல்லை. மாதாகோயிலின் திருமணப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது: 'சூசை என்ற சென்னப்பன், மதலேனாள் என்ற மங்கம்மா.'

"ஊருக்கு எங்கம்மா மங்கம்மாதான்," என்றாள் சம்பங்கி. "மாதாகோயில்ல வெச்ச அந்த இன்னொரு பேரச் சொல்லி எங்கப்பன் ஒருத்தருதான் கூப்புடுவாராம்."

இரண்டாம் உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் பெயர்களைக் காட்டும் இணையதளத்தில் சென்னப்பன்கள் சிலர் இருந்தார்கள். இந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. சூசையும் இல்லை.

"ஓடித்தான் போயிருப்பாரோ மேடம்?" என்றான் தமிழரசன்.

ரேவதி கார் சாவியை எடுத்தாள். சம்பங்கியையும் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்கே போனாள்.

மணியக்காரரின் கொள்ளுப்பேரன் கோவிந்தன் அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். சம்பங்கி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"இந்த ஊர்ல பட்டாளத்துக்குப் போனது எங்க பெரிய தாத்தா அழகர்சாமி மட்டுந்தான் மேடம். கல்யாணங்கூட ஆகாத ஆளு. பர்மாவுல செத்துட்டாரு. அதுக்காக சர்க்கார் நெலம் குடுத்துச்சு. இப்ப அதுல கம்பெனி வந்துடுச்சு."

சுவரில் அழகர்சாமியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முறுக்கிய மீசையோடு இதே கூடத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். தமிழரசன் மீசையைப் பார்த்தான். ரேவதி, படத்தில் அவர் தலைக்கு மேல் தொங்கிய மின்விளக்கைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "பாட்டி, இந்த ஊருக்குக் கரண்டு எப்போ வந்துச்சு?"

"நான் வயசுக்கு வந்த வருசம். இந்த வீட்டுல லைட் எரியறதப் பாக்க ஊரே திரண்டு வந்தோம்."

"தமிழரசன், அந்தத் தளத்துல இப்ப அழகர்சாமியத் தேடுங்க."

அவன் கைப்பேசியில் தேடி வாசித்தான். "சிப்பாய் அழகர்சாமி. முனியப்பன் மகன். குருபரப்பள்ளி, சேலம் ஜில்லா. உடல் கிடைக்கல, நினைவுத்தூண்ல பேரு மட்டும் இருக்கு. மதலேனாளின் கணவர்... இதத் தப்பாப் போட்டிருக்கான் மேடம். அவருக்குத்தான் கல்யாணமே ஆகலையே."

"தப்பில்ல," என்று சொல்லிவிட்டு ரேவதி மறுபடி உள்ளே போனாள். இந்த முறை சம்பங்கியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கோவிந்தன் சார், பர்மாவுல செத்தவரு, கரண்டு வந்தப்புறம் இந்தக் கூடத்துல எப்படிப் படம் எடுத்துக்கிட்டாரு?"

கோவிந்தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தது வேற ஆளு. மணியக்காரர் வீட்டுலேர்ந்து ஒருத்தர் பட்டாளத்துக்கு வரணும்னு வெள்ளக்காரங்க கேட்டிருப்பாங்க. மகன் பேரக் குடுத்துட்டு, பண்ணையாள அனுப்பிட்டாரு. சென்னப்பன் அந்தப் பேரயும் சொன்னாரு, அந்த அப்பன் பேரயும் சொன்னாரு. பொண்டாட்டி பேரக் கேட்டப்ப மட்டும் அவரால பொய் சொல்ல முடியல. மாதாகோயில் பதிவேட்டுல, மதலேனாள்னு இந்த ஊர்ல இருந்தது ஒரே பொம்பள. இவங்கம்மா."

கோவிந்தன் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "பெரிய தாத்தா பெங்களூர்ல வேற பேர்ல இருந்தாருன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. ஆள அனுப்புன சங்கதி எனக்குத் தெரியாது. ஆனா நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். எல்லாரும் போய்ச் சேந்தாச்சு. சம்பங்கி, நீயே சொல்லு, இப்ப என்ன பண்ண முடியும்?"

சம்பங்கி அவரைப் பார்க்கவே இல்லை. ரேவதியிடம் கேட்டாள்: "எங்கம்மா பேர மட்டும் ஏன் நெசமாச் சொன்னாரு?"

"செத்தா சேதி அவங்களுக்குப் போகணும்னு நெனச்சிருப்பாரு."

"வரலையேம்மா."

"வந்திருக்கும். விலாசம் இந்த வீடு. யாருக்குன்னு மணியக்காரருக்குத் தெரியும்."

நினைவுத்தூணில் பெயரைத் திருத்தக் கேட்டு, அதைப் பராமரிக்கும் அமைப்புக்கு ரேவதி எழுதினாள். மாதாகோயில் பதிவையும் படத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினாள். பட்டாளத்துக் காகிதம் எல்லாவற்றிலும் அழகர்சாமி என்றே இருக்கிறது, மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தாள். அதே பதில்தான். தமிழரசன் கையெழுத்துக் கேட்டுக் கோவிந்தன் வீட்டுக்கு நடையாய் நடந்தான். கடைசியில் கேட்டைத் திறக்கவே ஆளில்லை.

சேதி சொல்ல இருவரும் அதே ஊரில் இருந்த சம்பங்கி வீட்டுக்குப் போனார்கள். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் ரேவதி இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"கல்லுல பேரு கெடக்கட்டும்ங்க," என்றாள் சம்பங்கி. "அவரு ஓடிப்போகல. அதுதான எனக்கு வேணும்."

"ஊர்ல சொல்லுங்க பாட்டி," என்றான் தமிழரசன் வேகமாக. "நாங்களும் கூட வர்றோம். உங்கம்மாவப் பேசுனவங்க வீடு ஒவ்வொண்ணாப் போயிச் சொல்லுவோம்."

அவள் தெருவை இரு பக்கமும் பார்த்தாள். கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்களின் வாடகை வீடுகள். பாதி வீடுகளில் பேசுவது என்ன மொழி என்றே அவளுக்குத் தெரியாது.

"பேசுனவங்க எல்லாம் செத்துட்டாங்க தம்பி. அவங்க புள்ளைங்க ஊர விட்டே போயிடுச்சுங்க. எங்கம்மா யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"