என் இடது கை என்ன தப்பு செய்தது?

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சுடும். மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த உடனேயே அன்று சுட்டது.

சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது கை முறிந்திருந்தது. ஒன்றரை மாதம் அது கட்டுக்குள்ளே சொகுசாகக் கிடந்தது. அவ்வளவு நாளும் இடது கைதான் எனக்குச் சோறு ஊட்டியது, பல் தேய்த்தது, கோணல் மாணலாகப் பரீட்சைகூட எழுதியது. "எவ்ளோ சாமர்த்தியமா பண்ணுது பாரு சுகாசினி!" என்று தெருவே மெச்சியது.

அதே இடது கையால் இட்லியைப் பிட்டேன்.

"சீ! பீச்சாங்கையில சாப்புடற? கட்டுதான் பிரிச்சாச்சே!" என்றாள் அம்மா.

"நேத்து வரைக்கும் இதே கையிலதானேம்மா சாப்ட்டேன்?"

"நேத்து வேற வழியில்ல. இன்னிக்குதான் சோத்துக்கை வந்துடுச்சே."

வந்துவிட்டதாம்! ஊரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி. அந்தச் சோற்றுக்கை முருங்கைக்காய் போல மெலிந்து, டம்ளரைத் தூக்கவே நடுங்கியது. தூங்கிய கைக்கு மரியாதை. உழைத்த கைக்குச் 'சீ'யா?

மருத்துவமனையில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ரேவதி அக்கா எனக்கு ஒரு பந்து கொடுத்திருந்தார். ரிஸ்ட் பால் என்று பெயர். சாத்துக்குடி அளவுதான் இருக்கும். உள்ளே கனமான ஒரு சக்கரம். அதன் பள்ளத்தில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் சுழலத் தொடங்கும். பிறகு பந்தைப் பிடித்தபடி மணிக்கட்டைச் சின்ன வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் வேகமெடுத்து வண்டு போல ரீங்காரமிடும். கையை அங்கும் இங்கும் பிடித்து இழுக்கும்.

"கையைத் தொங்கப்போட்டுச் சுத்தினா முன்னங்கைக்கு வேலை. முழங்கையை மடக்கினா மேல்கைக்கு. பக்கவாட்டுல தூக்கிப் பிடிச்சா தோளுக்கு. வலிச்சா உடனே நிறுத்திடணும், சரியா?" என்று சொல்லியிருந்தார் அக்கா.

சாப்பிட்டு முடித்ததும் அதே கோபத்தோடு பந்தை வலது கையில் எடுத்து, பலமாகச் சுற்றினேன். 'கொர்ர்' என்று நின்றது. மறுபடியும் நூலைச் சுற்றி இழுத்தேன். மறுபடியும் 'கொர்ர்'.

"என்னா சுகா, அம்மி அரைச்சுக்கினு இருக்கற?" என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான் ஜான்சன். பக்கத்து வீட்டுக்காரன். என் வகுப்புதான்.

"போடா! நானே கோவத்துல இருக்கேன்."

"அது உன் தோளைப் பாத்தாலே தெரியுது. தோளெல்லாம் ஆடுது."

அவன் சொன்னது சரிதான். கோபத்தில் என் கை முழுவதும் ஆடியது. மணிக்கட்டு மட்டும் சுழலவில்லை. கோபத்தை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. அதனால் அதைக் கைக்கு வரவிடாமல் காதோடு நிறுத்தி வைத்தேன். மெதுவாக, சின்னச் சின்ன வட்டம் போட்டேன்.

ங்ங்ங்ங்... பந்து பாடியது!

தினமும் பழகினேன். கையை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும்போதும் வேறு வேறு இடத்தில் ஒரு சதை விழித்துக்கொண்டது. கை என்பது ஒரே ஆள் இல்லை. பெரிய கூட்டுக் குடும்பம் என்று தெரிந்தது. வலது கை களைத்ததும் பந்தை இடது கைக்கு மாற்றினேன்.

"அதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு?" என்றான் ஜான்சன்.

"மரியாதைக்கு" என்றேன்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. அன்று எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். போன வருடம் நானும் ஜான்சனும்தான் மோர் ஊற்றினோம். குடிப்பவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு "நல்லாயிரு" என்று சொல்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பந்தல் பொறுப்பு எதிர்வீட்டு மணிவண்ணன் மாமாவுடையது.

"ஜான்சன் ஊத்தட்டும்மா" என்றார் மாமா. "உன் சோத்துக்கையில தெம்பு இல்ல. பீச்சாங்கையில ஊத்தினா எவன் குடிப்பான்? நீ டம்ளர் கழுவு."

காது மடல் தீயாய்ச் சுட்டது.

"கழுவறதுக்கு மட்டும் பீச்சாங்கை பரவாயில்லையா மாமா?"

மாமா இருமினார். "பெரியவங்ககிட்ட வாயாடக் கூடாது" என்றார். பெரியவர்களிடம் பதில் இல்லாதபோது வருகிற பதில் அது.

கருட சேவை அன்று பெருமாள் எங்கள் பகுதியைக் கடந்ததும், கூட்டம் பந்தலுக்குத் திரும்பியது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜான்சன் சொம்பால் மோரை மொண்டு மொண்டு ஊற்றினான். நான் கழுவினேன்.

மோர் குறையக் குறைய அண்டா ஆழமானது. அவன் குனிந்து, மணிக்கட்டை மடக்கி, நிறைந்த சொம்பைத் தூக்கினான். கை நடுங்கி, பாதி மோர் தரையில் கொட்டியது.

"டேய் தம்பி, தரைக்கும் தாகமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கை மரத்துப்போச்சு சுகா" என்றான் ஜான்சன். அழுதுவிடுவான் போலிருந்தது. மாமா ஐஸ் வாங்கப் போயிருந்தார். வரிசையில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டுச் சிணுங்கியது.

'நல்லா வேணும்' என்று ஒரு நொடி தோன்றியது. ஜான்சனுக்கு இல்லை, மாமாவுக்கு. ஆனால், தாகத்தோடு நிற்பது மாமா இல்லையே.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"மணிக்கட்டுக்கே எல்லா வேலையும் குடுத்தா அது என்னடா பண்ணும்? முழங்கையை இடுப்போட ஒட்டிக்கோ. மேல்கையால தூக்கு."

அப்படித் தூக்கினான். சிந்தவில்லை. ஆனால் ஏற்கெனவே ரொம்பக் களைத்திருந்தான்.

"நீ கழுவு. நான் ஊத்தறேன்."

"மாமா திட்டுவாருடி!"

"திட்டட்டும்."

இடது கையால் சொம்பை எடுத்து மொண்டேன், ஊற்றினேன். வலது கையால் டம்ளரை நீட்டினேன். டம்ளர் நடுங்கவில்லை. சரி, கொஞ்சம்தான் நடுங்கியது.

முதலில் நின்றவர் தயங்கினார். "பீச்சாங்கையில ஊத்துதே பொண்ணு..."

"நீ குடிக்கலேன்னா நவுருப்பா, கொழந்த அழுவுது!" என்றார் குழந்தையோடு பின்னால் நின்ற ஒரு பெண்.

அவர் அவசரமாக வாங்கிக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

வரிசை வேகமாக நகர்ந்தது. முன்னங்கை களைத்தால் மேல்கை, மேல்கை களைத்தால் தோள் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் வேலை கொடுத்தேன்.

மாமா வியர்க்க விறுவிறுக்க ஐஸ் மூட்டையுடன் வந்தார். ஊற்றி வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"அப்பாடா! பலே ஜான்சா, ஒரு சொட்டுகூடச் சிந்தாம ஊத்திக்கினு இருக்கற!"

"நான் கழுவிக்கினு இருக்கேன் மாமா" என்றது டம்ளர் அடுக்கிய பலகைக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். சொம்பு என் இடது கையில் இருந்தது.

"பீச்சாங்கைதான் மாமா" என்றேன். "வேணாம்னா டம்ளரைக் குடுங்க, கழுவிடறோம்."

மாமா என் கையைப் பார்த்தார். மோர் குடித்துவிட்டு "நல்லாயிரும்மா" என்று சொல்லிப் போகிறவர்களைப் பார்த்தார். பிறகு காலி டம்ளரை என் முன்னால் நீட்டினார்.

"தலை தட்ட ஊத்தும்மா."

தலை தட்ட ஊற்றினேன், இடது கையால்.