பூஜ்யத்தில் நின்ற முள்!

வேதமணியின் தலை ஜன்னல் கண்ணாடியில் 'ணங்' என்று மோதியது.

கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது. கல்யாண நாளிலிருந்து முதல் தடவையாக அந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை!

கீழே மன்னார் வளைகுடா. மேலே, ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி ஒரு குட்டி விமானம். உள்ளே இரண்டே பேர். ஓட்டுகிறவள் ஈவாஞ்சலின். பக்கத்தில், அவளுக்குப் புருஷனும் பறக்கச் சொல்லித்தரும் வாத்தியாருமான வேதமணி.

இல்லை... இப்போது ஒரே ஒருத்தி.

"என்னங்க..."

மடியில் காலி பிளாஸ்க் மூடி. காப்பி குடித்த மூடி.

அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பயம்? அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஒன்றுதான் உறுத்தியது.

இவ்வளவு சீக்கிரம் இவர் சாகக் கூடாதே...

'ஸ்பீடு!' அதுதான் வேதமணியின் வேதம். அவர் கத்தினால் வேம்பார் உப்பளத்தில் உப்பு உதிரும்! ஸ்கூட்டரில் போனால் ஸ்பீடு ஜாஸ்தி. தோசை திருப்பினால் ஸ்பீடு பத்தாது. தனியாகப் பறக்க விடுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், உனக்கு இன்னும் ஸ்பீடு பிடிபடவில்லை என்பார். சாகும்வரை அப்படியேதான் சொல்வார் என்று அவளுக்கு என்றோ புரிந்துவிட்டது.

சடசடவென்று ஒரு மழை மேகம். அதைத் தாண்டியதும் வெயில்.

வேகம் காட்டும் முள் சரிந்தது. எழுபது... நாற்பது...

பூஜ்யம்!

எட்டிப் பார்த்தாள். இறக்கைக்கு அடியில் விரல் நீளக் குழாய். காற்று அதற்குள் புகுந்தால்தான் வேகம் தெரியும். நேற்று ஆயுத பூஜை. மெக்கானிக் மாசானம், வேதமணி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, விமானத்தில் நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பிவிட்டான். இப்போது மழையில் கரைந்து, குழாயின் வாயை அடைத்துவிட்டது!

ரேடியோவில் டவர் செந்தில்முருகன், மேற்கேயிருந்து கச்சான் காற்று விட்டு விட்டு அடிக்கிறது, ஜாக்கிரதை என்றான்.

"சரி" என்றாள்.

இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கினாள். மூக்கை அடிவானத்துக்குக் கீழே வைத்தாள். எதிர்க்காற்றில் விமானம் குலுங்கிக் குலுங்கி இறங்கியது. உப்பளங்கள்... பனைகள்... ரன்வே!

சட்டென்று காற்று நின்றது.

விமானம் தொப்பென்று அமுங்கியது. பதறிய கை மூக்கை மேலே இழுத்தது. ஸ்டீயரிங் கொழகொழத்தது. வேகம் போச்சு என்று எச்சரிக்கை ஊதல் அலறியது!

"ஏளா, மூக்கைத் தாழ்த்து! ஸ்பீடு!"

கத்தியது... பிணம்!

தாழ்த்தினாள். இன்ஜினை முழுசாக முடுக்கினாள். இறக்கைகள் மறுபடி காற்றைப் பிடித்தன. சக்கரம் ரன்வேயில் ஒரு தடவை துள்ளி... உட்கார்ந்தது.

விமானம் ஓரமாகப் போய் நின்றது. வேதமணி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"செத்தா அழுவியான்னு பாத்தேன். ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. காலையில மிக்ஸில அரளி வெதய அரைச்சத பாத்துட்டேன்ளா. காப்பிய வாந்திப் பையில ஊத்திட்டேன். எறங்குனதும் போலீஸ்தான்."

"பின்ன ஏன் கத்துனீங்க?"

"நீ ஸ்பீட விட்டா ரெண்டு பேரும்லா சாவணும்?"

ஜெயித்த களிப்பு அவருக்கு! எத்தனை வருஷப் பழக்கமோ, கை தானாக, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தது. விமானம் பத்திரமாக இறங்கினால் அவருக்குத் தூத்துக்குடி மக்ரூன் வேண்டும். வானமே இடிந்தாலும் வேண்டும்! ஒன்று வாயில் போனது. இரண்டு. மூன்று.

ஈவாஞ்சலின் இன்ஜினை நிறுத்தினாள்.

"காப்பி நல்ல காப்பிதாங்க. அதுல நான் ஒண்ணும் கலக்கல."

மெல்லுகிற வாய் நின்றது. நாலாவது மக்ரூன் கையில்.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். மனசு இன்னமும் மரத்துத்தான் கிடந்தது.

"பாத்து மெல்லுங்க... ஸ்பீடு ஜாஸ்தி."