குருவம்மாள் வீட்டு வாசல்

பூட்டிக் கிடந்த வீட்டின் வாசல் நனைந்திருந்தது. எதிர்வீட்டுக் குருவம்மாள் செத்து, கருமாதியும் முடிந்து, மகன் சோணைமுத்து கதவைப் பூட்டிச் சாவியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். தெருக்குழாயோ காய்ந்து கிடக்கிறது. குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்த்து ஊர் நிற்கையில், ஆளில்லாத வாசலுக்குத் தண்ணீர் தெளித்த புண்ணியவதி யார் என்று யுவராணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

இப்போதெல்லாம் அவளுக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல். மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஹோட்டல் வேலைக்கு வந்த ஜெயபாண்டியைக் கட்டிக்கொண்டு, பந்தல்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் ஊருக்கு வாழ வந்தாள். தமிழ் பேசுகிற ஊர்தானே, சுலபமாக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அவள் வாயைத் திறந்தாலே பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைக்காரர் வேண்டுமென்றே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் நினைவில்லை, எல்லோருக்கும் அவள் மலேசியாக்காரி. ஜெயபாண்டி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர நாளாகும். மாமியார் தங்கலட்சுமிக்கு அவள் நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். அடுக்குமாடி வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் பழகியவள், கடைக்குப் புறப்படும்போது ஒருநாள் "போறேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

"எத்தன தடவ சொல்றது ஒனக்கு? போறேன்னு சொன்னா வீடு வெளங்குமா? போயிட்டு வாரேன்னு சொல்லு!"

அந்தத் தெருவில் அவளை "வாத்தா, உள்ள வா" என்று கூப்பிட்ட ஒரே ஆள் குருவம்மாள்தான். கூப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் நீட்டுவாள். அவள் செத்த அன்று யுவராணி மனசாரத் தேம்பி அழுதாள். தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் ஒன்றாக முடிந்து கிடத்தியிருந்தார்கள். எழுந்து கிளம்பும்போது, இந்தத் தடவையாவது யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று, குனிந்து பதவிசாகச் சொன்னாள்.

"போயிட்டு வாரேன் பெரியம்மா."

ஒப்பாரிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

வாசல் தினமும் நனைந்தது. தங்கலட்சுமி நூறு நாள் வேலைக்குப் போனபின், கருவேலங்காட்டிலிருந்து வரும் அனல் காற்று கூரைத் தகரத்தைத் தடதடக்க வைக்க, கரிசல் மண் வெந்த வாசமும் ஆட்டுப் புழுக்கை வாசமும் வீட்டுக்குள் வந்து அடைந்துகொள்ள, தெருவில் நாய்கூட நடமாடாத உச்சிவெயிலில், எதிர்வீட்டுக்குள் சொம்பு ஒன்று குடத்தின் விளிம்பில் இடிபடும் சத்தம் மெல்லக் கேட்கும். பிறகு தண்ணீர் சிந்தும் சத்தம். பிறகு தொப், தொப் என்று ஏதோ குதித்துக் குதித்து வாசல்வரை வரும் சத்தம். அதற்கும் பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து, மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல் அடைத்துக்கொண்டு வரும்.

"வாத்தா."

ஜெயபாண்டியிடம் போனில் சொன்னாள். "வெயில்ல கெடந்து எதையாச்சும் நெனைக்காத, தூங்கு" என்று வைத்துவிட்டான். வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் மாமியாரிடமே சொன்னாள். தங்கலட்சுமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாவு வீட்டுல என்னத்தையும் சொல்லிட்டு வந்தியா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன். போயிட்டு வாரேன்னு."

"அடி பாவி! சாவு வீட்டுல வாரேன்னு சொல்லுவாகளா? சொல்லாமக் கொள்ளாமல்ல எந்திரிச்சு வரணும்!"

"அத யாரு எனக்குச் சொன்னா?" யுவராணி கத்தியேவிட்டாள். "எல்லாத்துக்கும் திட்டத் தெரியுது. சொல்லித் தர ஒருத்தருக்கும் வாயில்ல!"

தங்கலட்சுமி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். "விடிஞ்சதும் திருச்சுழிக்குப் போயி குறி சொல்ற கோடாங்கிகிட்ட கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் கூப்புட்டா வாசப்படியத் தாண்டாத" என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. அதுதான் யுவராணியை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் மாமியார் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. எதிர்வீட்டில் சொம்பு இடித்தது. தண்ணீர் சிந்தியது. இந்தத் தடவை குரல் வரவில்லை. யுவராணி காத்திருந்தாள். காத்திருக்கக் காத்திருக்கக் கோபம்தான் பொங்கியது. உயிரோடு இருப்பவர்களுக்கும் பயந்து, செத்தவளுக்கும் பயந்து, இப்படி எத்தனை நாள்? படியைத் தாண்டினாள். சுடுமண்ணில் வெறுங்காலோடு தெருவைக் கடந்து, பூட்டிய கதவைப் படபடவென்று தட்டினாள்.

"நான் வரல! தெரியாமச் சொல்லிட்டேன். வரமாட்டேன். என்ன விட்டுருங்க!"

உள்ளே சத்தமில்லை. பூட்டு மட்டும் ஆடி நின்றது.

பெருமூச்சோடு குனிந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஈர வாசலில் காலடித் தடங்கள். இரண்டு பாதமும் ஒன்றாகச் சேர்ந்து பதிந்த தடங்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சோடி.

விரல்கள் தெருவைப் பார்த்திருந்தன.

தெருப் புழுதியிலும் ஈரம். காயாத ஈரம். அவள் வந்த வழியின் ஓரமாகவே அது போயிருந்தது.

திரும்பினாள்.

அவள் வீட்டு வாசல் நனைந்திருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. படிக்கு உள்ளே, நிழலில், சேர்த்துக் கட்டிய இரண்டு பெருவிரல்கள். அதற்கு மேலே, யுவராணி வீட்டுச் சொம்பை நீட்டிக்கொண்டு ஒரு கை. தாடைக்கட்டு அவிழவில்லை. வாய் அசையவில்லை.

"வாத்தா. உள்ள வா."