குருவிநத்தத்தில் தாளிக்காத குழம்பு

"நான் எம் புருசனுக்கு மருந்து வச்சிட்டன்னு எம் மாமியா எழுதிக் குடுக்கப் போவுது மேடம். அதுக்கு முன்னால நானே வந்துட்டன்" என்றாள் செல்வகுமாரி.

"வச்சியா?" என்று கேட்டார் பாகூர் இன்ஸ்பெக்டர் வெண்ணிலா.

"இல்ல."

ஜீப்பிலேயே மீதியைச் சொன்னாள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இரண்டு மாதம் இருந்தவள், போன வாரம்தான் குருவிநத்தம் திரும்பியிருந்தாள். மறுநாளே கணவன் அரிகரனுக்குப் பாதம் மரத்தது. பிறகு முழங்கால் மடங்கியது. இன்று கை டம்ளரைப் பிடிக்கவில்லை. இதற்கு முன் காய்ச்சல், நோய் ஏதாவது வந்ததா என்று கிளினிக்கில் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று மாமியார் ஆதிலட்சுமி சொல்லிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அரிகரன் கூடத்தில் கிடந்தான். குரல் மூக்கால் வந்தது. முடியோரத்தில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்களாகப் புதுத்தோல்.

ஏட்டு அன்புராஜ் மாட்டுக்கொட்டகையிலிருந்து பாதி காலியான பூச்சிமருந்து பாட்டிலோடு ஓடி வந்தார். அடுப்படியில் இருந்த குழம்புச் சட்டியையும் விடவில்லை. "வாசனையே இல்ல மேடம். என்னமோ கலந்திருக்கு."

வெண்ணிலா மூடியைத் திறந்து பார்த்தார். கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை. யார் சமைத்தது என்று விசாரித்தார். தான்தான் என்றார் ஆதிலட்சுமி. மோரை மட்டும் மருமகள் கரைத்துக் கொடுத்தாளாம்.

"பூச்சிமருந்து உள்ள போயிருந்தா எச்சில் ஒழுவும், வேர்த்துக் கொட்டும், கண்பாப்பா சுருங்கிடும். இவருக்கு வாயே காஞ்சி கெடக்கு" என்றார் வெண்ணிலா. "பாட்டிலக் கீழ வச்சிடு அன்பு. இந்த வூட்ல ஏம்மா தாளிக்கல?"

ஆதிலட்சுமி மூடியை வாங்கிச் சட்டியை மூடினார்.

"நான் சொல்றன். மருமவ இல்லாதப்போ உங்க புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கற வரைக்கும் தாளிக்க மாட்டீங்க. தழும்பு இன்னும் ஆறல."

"அது நோயா? ஆத்தா வந்துட்டுப் போனா. அத நோயின்னு எப்பிடிச் சொல்லுவன்?"

செல்வகுமாரி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். வெண்ணிலா குரலை உயர்த்தவில்லை.

"அவ போயிட்டா. அந்தக் கிருமியோட சண்டைக்குப் போன உடம்பு நிறுத்தல. ஆள் தெரியாம இவரோட நரம்பையே அடிக்குது. பாதத்துல ஆரம்பிச்சி மேல ஏறுது. கை முடிஞ்சிது, தொண்டைக்கு வந்திடுச்சி. அடுத்து மூச்சு."

அரிகரன் எதையோ சொல்ல முயன்றான். விழுங்க முடியாமல் புரையேறியது.

ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரியை அடையும்போது அவன் வாக்கியத்துக்கு நடுவிலேயே மூச்சு வாங்கினான். அவசரப் பிரிவு டாக்டரும் கிளினிக்கில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அம்மை போட்டது என்றைக்கு என்பது ஆதிலட்சுமிக்கு மட்டுமே தெரியும். செல்வகுமாரி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு அத்த."

ஆதிலட்சுமி ஆஸ்பத்திரியின் ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"போன அமாவாசையன்னிக்கு மாரியாத்தா வந்தா சாமி. மூணு தண்ணி ஊத்தி அனுப்பி வச்சன்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே, சுவாசக் கருவியைக் கேட்டபடி டாக்டர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்.